மயிலைக் கரையின் தூண்டில் புராணம்

பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள், மயிலாப்பூர் மாட வீதிகளில் நீர்மோர்ப் பந்தலுக்கும் பலூன்காரனுக்கும் நடுவே அறுபத்துமூவர் உலா வருவார்கள். கூட்டத்துக்குக் கண் கபாலி மேல், கை மணிபர்ஸ் மேல். நாயன்மார்களை ஒவ்வொருவராக அடையாளம் கண்டு கும்பிட யாருக்குப் பொழுது இருக்கிறது? உள்ளூர்க்காரரான வாயிலாரையே பலருக்குத் தெரியாது. நாகப்பட்டினத்து அதிபத்தரை யார் கண்டது?

அதிபத்தர் நுளைப்பாடியில் பரதவர் தலைவர். தினம் வலையில் விழுவதில் ஆக உசத்தியான மீன் ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் வழக்கம். பாடு நன்றாக இருந்தவரை இது ஒரு செலவே இல்லை. பிறகு சிவன் சோதிக்க ஆரம்பித்தார். நாளொன்றுக்கு ஒரே ஒரு மீன் விழுந்தது. அதையும் விட்டார். மறுநாளும் ஒன்று, அதுவும் போயிற்று. இப்படியே நாள் கணக்கில் போய்க் குடும்பமும் சுற்றமும் வாடின. கடைசியில் பொன்னும் மணியுமாக ஒரு மீன் வந்து விழுந்தது. கூட இருந்தவர்கள் கண்ணை விரித்து நிற்கையிலேயே அதையும் அலையில் விட்டார். காளை மேல் சிவன் வந்தார், சிவலோகம் கிடைத்தது. அதற்கு முந்தைய ராத்திரிகளில் வீட்டில் என்ன பேச்சு விழுந்திருக்கும் என்பதை இல்லறத்தார் ஊகித்துக்கொள்ளலாம்.

பிடித்த மீனைத் திரும்ப விடுவதற்கு இன்றைக்கு ‘கேட்ச் அண்ட் ரிலீஸ்’ என்று பெயர். ஏதோ வெள்ளைக்காரன் போன நூற்றாண்டில் கண்டுபிடித்த நாகரிகம் மாதிரி ஆழ்வார்பேட்டைப் பையன்கள் அதைப் பேசுகிறார்கள். அந்தக் கலையின் மூலபுருஷர் வருடா வருடம் அவர்கள் தெருமுனை வரை வந்து போகிறார். போட்டோ எடுப்பார் இல்லை.

அதிபத்தர் வாழ்வதற்காகப் பிடித்தவர், விட்டதும் பக்தியால். அவரைப் போன்ற வயிற்றுப்பாட்டுக்காரர்கள் இந்தக் கரையில் எப்போதும் ஒழுங்காகவே மீன் பிடித்திருக்கிறார்கள். விளையாட்டுக்குப் பிடிக்க வந்தவர்கள் கதைதான் வேறு. சாமியானாலும் சரி, துரையானாலும் சரி, அத்தனை பேரும் அழுகுணி ஆட்டம்.

முதல் குற்றவாளி, அதிபத்தரிடம் மீன் வாங்கிக்கொண்ட அதே ஆசாமி.

திருவிளையாடல் புராணத்தில் வலை வீசின படலம் என்று ஒன்று உண்டு. சிவன் வேதப் பொருள் சொல்லிக்கொண்டிருக்கிறார், உமையம்மைக்குக் கவனம் சிதறுகிறது. கணவன் நீளமாகப் பேசும்போது இது நடக்காத வீடு எது? ஆனால் இவர் சாபம் கொடுக்கிறார், மீனவப் பெண்ணாகப் பிறக்கும்படி. அம்மாவுக்கு இப்படி ஆனதும் பிள்ளைகளுக்கு ரத்தம் கொதித்தது. விநாயகர் புத்தகங்களைத் தும்பிக்கையால் வாரிக் கடலில் எறிந்தார். முருகன் அப்பா கையிலிருந்ததையே பிடுங்கி எறிந்தார். இந்தக் களேபரத்தில் முதலில் மாட்டியது யார்? வாசலில் நின்ற நந்தி. பிள்ளைகளை உள்ளே விட்டது அவர் தப்பாம். முதலாளி வீட்டுப் பிள்ளைகளை எந்த வாட்ச்மேன் தடுத்து நிறுத்துவான்? அதெல்லாம் எடுபடவில்லை. “போ, சுறாவாகப் பிற” என்று உத்தரவாகிவிட்டது.

அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். பாண்டிய நாட்டுக் கடற்கரையில் புன்னை மரத்தடியில் கிடைத்த குழந்தையைப் பரதவர் தலைவன் எடுத்து வளர்க்கிறான். பெண் வளர்ந்து கல்யாண வயதுக்கு வந்த சமயத்தில், சொல்லி வைத்தாற்போல ஒரு சுறா வந்து வலைகளைக் கிழிக்கிறது, படகுகளைக் கவிழ்க்கிறது. யாராலும் பிடிக்க முடியவில்லை. “பிடிப்பவனுக்கு என் பெண்” என்று தலைவன் அறிவிக்கிறான். நம் தேசத்தில் பரிசு அறிவித்து நடந்த முதல் மீன்பிடிப் போட்டி இதுதான் என்பது என் கட்சி. மதுரையிலிருந்து ஓர் இளைஞன் வருகிறான். வலையைச் சுற்றி வீசுகிறான். ஊரே திணறிய சுறா அவன் வலையில் சமர்த்தாகப் படுத்துக்கொள்கிறது.

படுக்காமல் என்ன செய்யும்? சுறா அவருடைய வாகனம். பரிசு அவருடைய பெண்டாட்டி. போட்டி நடக்கக் காரணமான சாபமும் அவர் கொடுத்ததே. உலக விளையாட்டு மீன்பிடிச் சங்கம் 1939-இல்தான் தோன்றியது என்பதால் அப்போது முறையிட இடமில்லை. இருந்திருந்தால், தூண்டில் இல்லாமல் வலை போட்டதற்கே தள்ளுபடி செய்திருப்பார்கள். இத்தனைக்கும் பிறகு மாப்பிள்ளை பெண்ணை அழைத்துக்கொண்டு போன இடம் உத்தரகோசமங்கை. அங்கே போய் என்ன செய்தார் தெரியுமா? விட்ட இடத்திலிருந்து வேதப் பொருளைச் சொல்லிக்கொடுத்தார். இந்த முறை அம்மை கொட்டாவி விடாமல் கேட்டிருப்பார் என்று நம்புவோம்.

1965-இல் ஏ.பி. நாகராஜன் இதைப் படமாக எடுத்தபோது, மீனவராக வந்த சிவாஜி மணலில் ஒரு நடை நடந்தார். எந்தக் குப்பத்திலும் எந்த மீனவரும் அப்படி நடந்ததில்லை. இருந்தாலும் தியேட்டரில் விசில் பறந்தது. சுறாவுக்கு யாரும் விசில் அடிக்கவில்லை.

இனி நம் கரைக்கு வருவோம். மயிலாப்பூருக்கு வந்த அடுத்த பெரிய மீன்பிடிக்காரர் தோமையார், அதாவது இயேசுவின் சீடரான தாமஸ். இவர் கி.பி. 52-இல் கேரளத்தில் இறங்கி, பிறகு மயிலைக்கு வந்து, 72-இல் இங்கே உயிர் நீத்தார் என்பது வழிவழியாக வரும் நம்பிக்கை. யோவான் நற்செய்தியின் கடைசி அத்தியாயத்தில் ஒரு மீன்பிடிப் படலம் இருக்கிறது. பேதுருவோடு படகில் போன கூட்டத்தில் தோமையாரும் ஒருவர். ராத்திரி முழுக்க வீசியும் ஒரு பொடி மீன் இல்லை. விடிந்ததும் கரையில் நின்ற ஒருவர் வலது பக்கம் போடச் சொல்ல, 153 பெரிய மீன்கள். கரையில் நின்றவர் யாரென்று உங்களுக்குத் தெரியும், ஆகவே இதுவும் உள்கை. எனக்குப் பிடித்தது அந்த எண்ணிக்கை. உயிர்த்தெழுந்த ஆண்டவர் எதிரில் நிற்கும்போதும் ஒருவர் உட்கார்ந்து மீனை எண்ணியிருக்கிறார் பாருங்கள். அவர்தான் அசல் மீனவர்.

தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்று சொன்னவர் தோமையார். “இவ்வளவு பெரிசு சார், கை வரைக்கும் வந்து தப்பிச்சிடுச்சு” என்று தோளிலிருந்து விரல் நுனி வரை காட்டும் தூண்டில்காரர்கள் நடுவே இப்படி ஒருவர் தேவைதான். ஆனால் மயிலைக்கு வந்ததும் அவரே நம்ப முடியாத கதைக்கு நாயகராகிவிட்டார். கரையில் ஒரு ராட்சத மரம் ஒதுங்கி ஆற்றை அடைத்துக்கொண்டது, ராஜாவின் யானைகளே இழுத்தும் அசையவில்லை, தோமையார் தம் இடுப்புக் கச்சையைக் கட்டி இழுத்தார், பின்னாலேயே வந்துவிட்டது. மெல்லிய நரம்பில் கனமான சரக்கை ஏற்றுவதுதான் தூண்டில் விளையாட்டில் உயர்ந்த வித்தை என்பார்கள். அந்தக் கணக்கில் இந்தச் சாதனையை முறியடிக்க இன்னும் ஆள் பிறக்கவில்லை.

அவர் முடிவு பற்றி மார்க்கோ போலோ எழுதி வைத்திருப்பது, மயிலாப்பூருக்கே உரிய விபத்து. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த அந்த வெனிஸ்காரர் சொல்கிறார்: தோமையார் காட்டில் ஜபம் செய்துகொண்டிருந்தார், சுற்றிலும் மயில்கள். ஒருவன் மயிலைக் குறிவைத்து அம்பு விட்டான், அது தவறி அவர் மேல் பாய்ந்தது. அதாவது இந்த ஊரில் விளையாட்டு வேட்டைக்காரன் குறி அப்போதே சரியில்லை.

போலோ இன்னொன்றும் எழுதுகிறார், அதுவும் இதே வசந்தகாலச் சமாசாரம். நம் தென்கடலில் ஏப்ரல் தொடங்கி மே நடு வரை முத்துக்குளிப்பு. கிடைத்ததில் ராஜாவுக்குப் பத்தில் ஒரு பங்கு. இருபதில் ஒரு பங்கு யாருக்கு? சுறாக்களின் வாயைக் கட்ட மந்திரம் போடும் பிராமணர்களுக்கு. கரையில் நின்றபடி மந்திரம், வீட்டுக்குப் போகும்போது முத்து. கடல் தண்ணீர் கால் நனைத்ததா என்பது கூடச் சந்தேகம். இதில் நுட்பம் என்னவென்றால், மந்திரம் பகலுக்கு மட்டும்தான். சாயங்காலம் அவிழ்த்துவிடுவார்கள். இல்லாவிட்டால் ராத்திரி எவனாவது திருட்டுத்தனமாக முங்கி முத்து எடுத்துவிடுவானே! தினசரி புதுப்பிக்க வேண்டிய சந்தா முறையை ஏதோ கலிபோர்னியாக் கம்பெனி கண்டுபிடித்தது என்று இனிமேல் யாரும் சொல்ல வேண்டாம்.

பிறகு போர்ச்சுகீசியர் சாந்தோமில் உட்கார்ந்தார்கள். கடலோரத்தில் இருந்த கபாலி கோயில் போய், இன்றைய இடத்தில் மறுபடி எழும்பியது. குளத்து மீன்களுக்கு இந்த இடமாற்றம் நல்ல காலம். பிடிக்க ஆளில்லை, பொரி போட ஆள் உண்டு.

1639-இல் பிரான்சிஸ் டே வந்தார். துறைமுகம் இல்லை, அலை படகைப் புரட்டும், குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது, இப்படிப்பட்ட மணல்மேட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இவர் ஏன் தேர்ந்தெடுத்தார்? துணி இங்கே மலிவு என்பது கம்பெனிக் கணக்கு. சாந்தோமில் அவருக்கு ஒரு பெண் இருந்தாள், போய் வர வசதியாகப் பக்கத்திலேயே கோட்டைக்கு இடம் பிடித்தார் என்பது ஊர் வம்பு. எனக்கு வம்பு மேல்தான் நம்பிக்கை. கோட்டை கட்டியவர் ஏதோ ஒரு தூண்டிலில் மாட்டித்தான் கட்டியிருக்க வேண்டும்.

இரண்டு நூற்றாண்டு கழித்து இன்னொரு பிரான்சிஸ் டே வந்தார். இந்தக் கரைக்கு ஆள் அனுப்புகிறவர்களுக்குப் பெயர்ப் பஞ்சம்போல. இவர் 1852-இல் மதராஸ் மருத்துவப் பணியில் சேர்ந்த டாக்டர். நோயாளியை விட மீனை உன்னிப்பாகப் பார்த்தவர், இந்தியாவின் மீன்வள இன்ஸ்பெக்டர் ஜெனரலாகவே ஆகிவிட்டார். 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக ‘இந்தியாவின் மீன்கள்’ என்ற பெரும் புத்தகத்தைப் போட்டார். லண்டன் அருங்காட்சியகத்தில் மீன் பிரிவைக் கவனித்த குந்தருக்கும் இவருக்கும் ஆகாது. மீனுக்கு யார் முதலில் பெயர் வைத்தது என்று இரண்டு தாடிக்காரர்கள் வருடக்கணக்கில் முறைத்துக்கொண்டார்கள். கடுப்பில் டே தம் சேகரிப்பில் ஒரு பகுதியை ஆஸ்திரேலியாவுக்கு, சிட்னிக்கு விற்றார். நம் கடலில் துள்ளிய மீன் ஆஸ்திரேலியாவில் சாராய ஜாடிக்குள் கிடக்கிறது என்றால், காரணம் மாமியார் மருமகள் சண்டைக்கு ஒப்பான இந்த விவகாரம்தான்.

தாமஸும் இரண்டாவது வந்தார்: ஹென்றி சல்லிவன் தாமஸ், மதராஸ் சிவில் சர்வீஸ். 1873-இல் ‘இந்தியாவில் தூண்டில்’ என்று ஒரு புத்தகம் எழுதினார். சர்க்கார் கோப்புகளுக்கு நடுவில் இவ்வளவு மீன் எப்படிப் பிடித்தார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. துரை கேம்ப்பில் இருக்கிறார் என்றால் துரை ஆற்றில் இருக்கிறார் என்று சேவகனுக்குத் தெரியும், மனு கொடுக்க வந்தவனுக்குத்தான் தெரியாது. நம் ஆற்றுக் கெண்டையான மாசீர், பருமனுக்குப் பருமன் பார்த்தால் அவர்கள் ஊர் சால்மனை விட நன்றாகச் சண்டை போடும் என்று தீர்ப்புச் சொன்னவர் இவர். இந்தியர்களுக்கு ஆளத் தகுதி உண்டா என்று விவாதம் நடந்த காலத்தில், இந்திய மீனுக்காவது ஒரு வெள்ளைக்காரர் நல்ல சர்ட்டிபிகேட் கொடுத்தார்.

1887-இல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே இன்னொரு புத்தகமும் எழுதினார். அவர் காலத்தில் மாம்பலம் ஏரி ஏரியாகவே இருந்தது. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த தண்ணீர். 1920-களில் அதை வடித்துவிட்டுத் தியாகராய நகர் போட்டார்கள். இன்றைக்குப் பனகல் பார்க் பக்கம் தூண்டில் வீசினால் பட்டுப் புடவை மாட்டும், பில்லோடு.

சரி, உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள்? பசிபிக் கரையில், கலிபோர்னியாவுக்கு எதிரே கேட்டலினா தீவில், சார்லஸ் ஹோல்டர் என்பவர் 1898 ஜூனில் 83 கிலோ சூரை ஒன்றை ராடும் ரீலுமாகக் கிட்டத்தட்ட நாலு மணி நேரம் போராடிக் கரை சேர்த்தார். உடனே ‘டூனா கிளப்’ என்று சங்கம், சட்டதிட்டம், பதக்கம், பொத்தான். அதே காலத்தில் நம் ஊர்க் கட்டுமரக்காரர் நாலு கட்டையைக் கயிற்றால் கட்டி, அதன்மேல் முழங்காலிட்டு, வெறுங்கையால் நரம்பை இழுத்து மீனை ஏற்றிக்கொண்டிருந்தார். கை கிழிந்தது. சங்கம் வைக்கவில்லை. கரைக்கு வந்து ஏலம் விட்டுவிட்டுப் படுத்துத் தூங்கினார்.

ஆனால் அடையாற்றுக் கரையில் பிடிபட்ட மீன்களிலேயே பெரியது 1909-இல் மாட்டியது. அந்தச் சரித்திரத்தைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும்.

முகத்துவாரத்தின் தென்கரையில் 1882-லிருந்து பிரம்மஞான சபை இருக்கிறது. மீன் வாசனையே ஆகாத அந்த வளாகத்தின் முதல் தலைவர் கர்னல் ஆல்காட். பக்கத்து மீனவர் குப்பத்துக்கு இன்றளவும் அவர் பெயர், ஊரூர் ஆல்காட் குப்பம். கத்தரிக்காய்க்குக் கருவாட்டுச் சொந்தம் வாய்த்தது இப்படித்தான். சபையில் லெட்பீட்டர் என்றொருவர் இருந்தார். மனிதர்களைச் சுற்றியிருக்கும் ஒளிவட்டம் அவர் கண்ணுக்குத் தெரியுமாம். 1909 ஏப்ரலில், சித்திரை வெயில் தாழ்ந்ததும் பரிவாரத்தோடு கடலோரம் போனார். அங்கே ஒல்லியாக ஒரு பையன். பள்ளிக்கூடத்தில் மந்தம் என்று பெயர் எடுத்து அடி வாங்குகிறவன். அப்பா சபையில் வேலை பார்க்கிறவர். லெட்பீட்டருக்கு ஒளிவட்டம் தெரிந்தது, சுயநலத்தின் நிழல்கூடப் படாத ஒளிவட்டம். சபை காத்திருந்த உலக குரு இவனுக்குள்தான் இறங்கப்போகிறார் என்று அப்போதைய தலைவர் அன்னி பெசன்டும் ஒப்புக்கொண்டார். தக்கை முங்கிவிட்டது.

பையன் பெயர் ஜே. கிருஷ்ணமூர்த்தி. தலைமுடியை வளர்த்து, ஆங்கிலம் கற்பித்து, கோட் சூட் தைத்து, அவரைத் தலைவராக வைத்து 1911-இல் ஒரு சங்கமே தொடங்கினார்கள். பெற்ற அப்பா கோர்ட்டுக்குப் போனார். வழக்கு லண்டன் வரைக்கும் போயிற்று, மீன் வரவில்லை. நரம்பை இருபது வருஷம் மெல்ல மெல்லச் சுற்றினார்கள். 1929 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, ஹாலந்தில் ஓமென் என்ற ஊரில், அன்னி பெசன்ட் முன்னிலையில் ஆயிரக்கணக்கான பக்தர்களைப் பார்த்துக் கிருஷ்ணமூர்த்தி சங்கத்தைக் கலைப்பதாகச் சொன்னார். குரு வேண்டாம், அமைப்பு வேண்டாம், உங்கள் நிலமும் கோட்டையும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கரைக்குக் கொண்டுவந்து, கூடைக்குள் போடும் நேரத்தில், ஒரு துள்ளு.

துள்ளியது எங்கே போயிற்று? மதராஸுக்கு வந்தால் தங்க, ஆற்றின் எதிர்க்கரையில், கிரீன்வேஸ் சாலையில் இடம் பார்த்துக்கொண்டது. இடத்தின் பெயர் வசந்த விஹார். பல பத்தாண்டுகள் சபைக்குள் கால் வைக்கவில்லை. 1980-இல் ராதா பர்னியர் தலைவரான பிறகுதான் பெரியவர் மறுபடி உள்ளே வந்தார். தம்மைப் பிடித்த அதே கடற்கரையில் சாயங்கால நடை போனார். யாரும் தூண்டில் எடுக்கவில்லை.

அதே 1909-இல்தான் மெரினாவில் மீன் காட்சிச்சாலை திறந்தார்கள், இந்தியாவில் அதுவே முதல். சீமாட்டிகளும் சீமான்களும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று களவாவைப் பார்த்தார்கள். களவாவும் அவர்களைப் பார்த்தது. இரண்டாம் உலகப் போர் வந்ததும் மூடிவிட்டார்கள்.

இப்போதைய வசந்தத்துக்கு வருவோம். சித்திரை பிறந்த மறுநாளிலிருந்து, அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று முதலில் 45 நாள் வைத்தார்கள், 2017-லிருந்து 61 நாள். தடை வந்ததும் நொச்சிக்குப்பத்தில் வஞ்சிரம் தங்கத்தோடு போட்டி போடும். வாங்க வந்த மாமாக்கள் விலையைக் கேட்டுவிட்டுச் சங்கராவின் மருத்துவ குணங்களைப் பேசத் தொடங்குவார்கள். இந்தச் சமயத்தில்தான் நம் நவீன விளையாட்டு வீரர்களுக்கு உற்சாகம் பிறக்கும். ராட்சத இழுவை வலை இல்லாத கடல்! பைபர் படகு பிடித்து ஆழத்துக்குப் போய்ப் பாரை, சீலா, கடல் விரால் என்று துரத்துகிறவர்கள் சிலர். முதுகில் பாய் விரித்த மயில் மீன் ஒன்று துள்ளிவிட்டால் போதும், அந்த வீடியோ அடுத்த பங்குனி வரை ஓடும்.

படகுக்குக் காசில்லாதவர்கள் அடையாறு முகத்துவாரத்துக்கு வருவார்கள். அங்கேதான் உடைந்த பாலம். 1967-இல் கட்டியது, பத்து வருஷத்தில் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. போக்குவரத்துக்கு உதவாமல் போன பிறகு சினிமாவுக்கும் காதலுக்கும் தூண்டிலுக்கும் நன்றாகவே உதவுகிறது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை அங்கே போனால் இரண்டு கட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கலாம். ஒரு பக்கம் ஐ.டி. பையன். கார்பன் ராடு, ஜப்பான் ரீல், கூலிங் கிளாஸ், கழுத்து வரை மூடிய சட்டை, பெட்டி நிறையக் கலர் கலராக ரப்பர் மீன்கள். சில மீன்களுக்கு உயிருள்ள மீனை விட அழகான கண். இன்னொரு பக்கம் குப்பத்துப் பெரியவர். காலி வாட்டர் பாட்டிலில் சுற்றிய தங்கூசி நரம்பு, நுனியில் ஈயக் குண்டு, முள்ளில் பாதி இறால். வீசிவிட்டு, நரம்பை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு பீடி பிடிப்பார். விரல் மட்டும் தூங்காது. பக்கத்தில் பெயின்ட் டப்பா, அதில் நாலைந்து கிழங்கானும் ஒரு நல்ல மடவையும்.

“இன்னா தம்பி, இருட்லேர்ந்து வீசிக்கினே கீற. ஒண்ணும் மாட்லியா?”

“மாட்டுச்சுண்ணே. விட்டுட்டேன்.”

“வுட்டுட்டியா? இன்னா மீனு?”

“கொடுவா. ரெண்டு கிலோ இருக்கும்.”

பெரியவர் பீடியை எடுத்துவிட்டார். “ரெண்டு கிலோ கொடுவா! இப்ப விக்கிற வெலைக்கு! வூட்ல கேக்க மாட்டாங்க?”

“வீட்ல சைவம்ண்ணே. மயிலாப்பூர்.”

“அப்ப இன்னாத்துக்குப்பா பிடிக்கிற?”

பையன் அதற்குப் பதில் யோசித்தான். ஸ்போர்ட் என்றான், ஸ்ட்ரெஸ் என்றான், கன்சர்வேஷன் என்றான். பெரியவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், டாக்டர் சொல்வதற்கு ஆட்டுவதுபோல. பையன் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தான், டப்பாவைப் பார்த்தான், குரலைத் தாழ்த்தினான்.

“அண்ணே, அந்தக் கொடுவாவை போட்டோ எடுக்கிறதுக்குள்ள நழுவிடுச்சு. உங்க மடவையைக் கொஞ்சம் குடுங்களேன். கையில பிடிச்சு ஒரே ஒரு போட்டோ, உடனே தந்துடுறேன்.”

பெரியவர் மடவையை எடுத்து, மேலே ஒட்டியிருந்த மணலைத் துடைத்தார்.

“போட்டோ அம்பது ரூபா. தண்ணீல வுட்டா முந்நூறு.”